இணைய வானொலிப் பாடலைப் பதிவு செய்வது குற்றமா?

(சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களுக்காக நடைபெற்ற பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நகரியின் விசைத்தறிக் கூடங்களில் இரவுப் பணியில் நிற்கும் தொழிலாளிக்குத் தறியின் இரைச்சலை மீறி ஒரு துணை உண்டென்றால் அது பாட்டுதான். ஒரு காலத்தில் அது டிரான்சிஸ்டர் பெட்டியிலிருந்து வந்தது. பின்னர் கேசட்டிலிருந்து வந்தது. இன்று செல்போனில் ஓடும் இணைய வானொலியிலிருந்து வருகிறது. ஆகாசவாணியின் நிலையங்களே இன்று நியூஸ் ஆன் ஏர் செயலி வழியாக ஒலிக்கின்றன. தனியார் தமிழ் வானொலிகளுக்கோ கணக்கில்லை. இணைப்பு அறுந்தால் பாட்டும் அறும். டேட்டா தீர்ந்தால் அதுவும் தீரும். ஆகவே கேட்கும்போதே பதிவு செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவியிருக்கிறது. அதற்கான செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இது சட்டப்படி சரியா, போலீஸ் பிடித்தால் என்ன ஆகும் என்ற கேள்வி கிளைக் கூட்டங்களில் எழுகிறது. சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், இசை யாருடைய சொத்து என்னும் பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

முதலில் நேரான பதில். ஒருவர் தாம் கேட்பதற்காக மட்டும் ஒலிபரப்பைப் பதிவு செய்துகொள்வதை இந்தியச் சட்டம் குற்றமாகக் கருதவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஒலிபரப்பு நிறுவனங்களுக்கு 37ஆம் பிரிவின்கீழ் 25 ஆண்டுக்காலத் தனி உரிமை ஒன்றை வழங்குகிறது. அவற்றின் அனுமதியின்றி மறு ஒலிபரப்பு செய்வதும், ஒலிபரப்பைப் பதிவு செய்வதும், அப்பதிவைப் படியெடுத்து விற்பதும் அந்த உரிமையை மீறுவதாகும். ஆனால் அடுத்து வரும் 39ஆம் பிரிவு ஒரு விலக்கைத் தெளிவாகவே வைக்கிறது: பதிவு செய்பவரின் சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தலுக்காகவோ ஆராய்ச்சிக்காகவோ மட்டும் எடுக்கப்படும் ஒலிப்பதிவு உரிமை மீறல் ஆகாது.

ஒலிபரப்பு நிறுவனத்தின் உரிமை ஒன்று. பாடலின் ஒலிப்பதிவு உரிமையாளரின் உரிமை வேறொன்று. இரண்டாவது உரிமைக்கும் விலக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது. 52ஆம் பிரிவின் முதல் உட்பிரிவு, தனிப்பட்ட அல்லது சொந்தப் பயனுக்கான நியாயமான கையாளுகையை உரிமை மீறலாகக் கருதக் கூடாது என்கிறது. 2012க்கு முன்பு இந்தப் பாதுகாப்பு இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் ஆகிய படைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. 2012 ஜூன் 21 அன்று நடைமுறைக்கு வந்த திருத்தம் அதைக் கணினி நிரல் நீங்கலான எல்லாப் படைப்புகளுக்கும் விரித்தது. சட்டத்தின் கண்ணில் ஒலிப்பதிவும் ஒரு படைப்பே. இணையத்தில் வருவது சட்டப்படி 'ஒலிபரப்பு'தானா என்ற தர்க்கம் தொடர்ந்தாலும், 52ஆம் பிரிவின் குடை அதற்கும் சேர்த்தே விரிந்திருக்கிறது.

'நியாயமான' என்ற சொல்லைச் சட்டம் விளக்கவில்லை. நீதிமன்றங்களே விளக்க வேண்டியிருந்தது. இதில் இடதுசாரிகள் நன்கறிந்த ஒரு வழக்கு உண்டு. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற கம்யூனிஸ்ட் நாடகத்துக்கு எதிர்நாடகமாக சிவிக் சந்திரன் ஒன்றை எழுதினார். மூல நாடகத்தின் பாத்திரங்களையும் உரையாடல்களையும் எடுத்தாண்ட அந்த நாடகத்துக்கு எதிராகப் பாசியின் துணைவியார் வழக்குத் தொடர்ந்தார். 1996இல் கேரள உயர் நீதிமன்றம் மூன்று அளவுகோல்களை முன்வைத்தது: எடுத்தாளப்பட்டது எவ்வளவு, எடுத்தாண்ட நோக்கம் என்ன, மூலப் படைப்போடு அது சந்தையில் போட்டியிடுமா என்பவை அவை. தீர்ப்பு எதிர்நாடகத்துக்குச் சாதகமாக அமைந்தது. கட்சியை விமர்சித்த நாடகத்துக்குக் கிடைத்த வெற்றி என்பதால் தோழர்கள் பலருக்கு அது அன்று இனித்திருக்காது. எனினும் அந்த அளவுகோல் உழைக்கும் மக்களுக்கே உதவுகிறது. தறிக்கூடத் தொழிலாளி தம் செல்போனில் வைத்துக்கொள்ளும் பதிவு எந்த நிறுவனத்தின் சந்தையோடும் போட்டியிடப் போவதில்லை.

இங்கே செயலிகளின் நிபந்தனைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எவரும் படிக்காமல் ஒப்புக்கொள்ளும் அந்த நீண்ட பத்திகளில், பதிவு செய்யக் கூடாது, படியெடுக்கக் கூடாது என்று எழுதியிருக்கும். அது ஒப்பந்த விதியே தவிரக் குற்றவியல் சட்டம் அன்று. மீறினால் நிறுவனம் கணக்கை முடக்கலாம். போலீசுக்கு அதில் வேலையில்லை. பாட்டைப் பூட்டி வைக்கும் தொழில்நுட்பத்தை உடைப்பது மட்டும் வேறு விஷயம். 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. அந்தப் பிரிவிலேயே, சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத நோக்கத்துக்காகச் செய்யப்படுவது குற்றமாகாது என்ற விலக்கும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டம் இந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 1996 ஒப்பந்தங்களில் இந்தியா சேர்ந்தது 2018இல்தான். சேர்வதற்கு ஆறாண்டு முன்னரே பூட்டுக்குச் சட்டக் காவல் தேடித் தந்துவிட்ட அவசரம் யாருக்காக என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சொந்தப் பதிவைக் குற்றமாக்கும் முயற்சி புதிதன்று. வீடியோ கேசட் கருவி வீடுகளுக்குள் நுழைந்தபோது ஹாலிவுட் நிறுவனங்கள் சோனியை நீதிமன்றத்துக்கு இழுத்தன. தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பின்னர் பார்ப்பதற்காக வீட்டில் பதிவு செய்வது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் தீர்ப்பளித்தது. ஜெர்மனி வேறு வழியில் சென்றது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தில் வீட்டுப் பதிவை அனுமதித்து, பதிவுக் கருவியின் விலையோடு ஒரு தொகையை வசூலித்துக் கலைஞர்களுக்குப் பங்கிட்டது. பிரிட்டனில் 2014இல் தனிப்பட்ட படியெடுப்புக்கு விலக்கு தரப்பட்டது; இசைத்துறை அமைப்புகள் வழக்குத் தொடுக்க, 2015இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. இந்த நிலையை ஒப்பிட்டால் இந்தியச் சட்டத்தின் 39, 52ஆம் பிரிவுகள் காக்கப்பட வேண்டிய ஜனநாயக உரிமைகளே. ஜெர்மன் முறையை இங்கே கொண்டுவரலாம் என்று சிலர் சொல்கிறார்கள். ஸ்ரீசிட்டியின் ஆலையில் செல்போனைப் பூட்டிப் பொருத்தும் இளம் பெண் தொழிலாளி, தாம் பொருத்திய அதே வகைப் போனை வாங்கும்போது இசைக்கு ஒரு வரியும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்தத் தொகை தவில்காரரையும் கோரஸ் பாடகரையும் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லாதவரை அதை ஏற்பதற்கில்லை.

தனிமனிதருக்கு உள்ள இந்த விலக்கு நிறுவனத்துக்கு இல்லை என்பதை பம்பாய் உயர் நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. ஏர்டெல் குழுமத்தின் விங்க் மியூசிக் செயலிக்கும் டிப்ஸ் இண்டஸ்ட்ரீஸ் என்ற இசை நிறுவனத்துக்கும் இடையே கட்டணப் பேச்சு முறிந்தது. வானொலி நிலையங்களுக்கு 31டி பிரிவு தரும் சட்டப்படியான உரிமத்தை விங்க் தனக்கும் கோரியது. இணைய ஒலிபரப்புக்கும் அப்பிரிவு பொருந்தும் என்று 2016இல் ஒன்றிய அரசின் தொழில்துறை ஓர் அலுவலகக் குறிப்பு வெளியிட்டிருந்தது. 2019 ஏப்ரலில் வந்த தீர்ப்பு அந்தக் குறிப்பை ஏற்கவில்லை. 31டி வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் மட்டுமே உரியது என்றது. பாடல்களை இறக்கி வைத்துக்கொள்வது வாடிக்கையாளரின் சொந்தப் பயன்தானே என்று விங்க் வாதாடியது. வணிகம் செய்பவர் வாடிக்கையாளரின் விலக்குக்குள் ஒளிந்துகொள்ள முடியாது என்பதே நீதிமன்றத்தின் பதில். 2022 அக்டோபரில் இரு நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. ஒரு பக்கம் தொலைத்தொடர்பு ஏகபோகம், மறுபக்கம் பாடல் பட்டியல்களைக் குவித்து வைத்திருக்கும் நிறுவனம். இந்தச் சண்டையில் பாடியவரும் எழுதியவரும் எந்தப் பக்கத்திலும் இல்லை. 2024இல் ஏர்டெல் அந்தச் செயலியையே மூடிவிட முடிவு செய்தது. மாதக் கட்டணம் கட்டி உள்ளே இறக்கி வைத்த பாடல்களும் செயலியோடு போயின. கட்டணம் கட்டியவருக்குக் கிடைத்தது பாட்டு அன்று, வாடகைக்குக் குடியிருக்கும் உரிமைதான்.

சித்தூர், திருப்பதி மக்களுக்கு இந்தக் கேள்வி கூடுதல் நெருக்கமானது. விடியற்காலையில் திருப்பதித் தெருக்களில் கேட்கும் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அந்த வடமொழிப் பாடல்கள் பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அவற்றுக்குப் பதிப்புரிமை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கிராமபோன் கம்பெனி வெளியிட்ட ஒலிப்பதிவுக்கு உரிமை உண்டு. வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு என்கிறது 27ஆம் பிரிவு. 1963இல் வெளியான அந்தப் பதிவின் உரிமை 2023 டிசம்பர் 31 அன்று முடிவடைந்தது. பாடகருக்குச் சட்டம் தரும் 50 ஆண்டுக் கால வரம்பும் அதற்கு முன்பே கடந்துவிட்டது. அந்த இசைத்தட்டின் ராயல்டியை எம்.எஸ். தமக்கு வைத்துக்கொள்ளாமல் திருமலை தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே அளித்தார் என்பது பலர் அறிந்தது. எந்தப் பள்ளிக்கு அளித்தார் என்பதில் கட்சிக்காரர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். தம் உழைப்பின் வருவாயைப் பொது அமைப்புக்குத் தந்த மனத்தை மறுக்க வேண்டியதில்லை. இன்று அந்தப் பழைய பதிவை எவரும் படியெடுக்கலாம், ஒலிபரப்பலாம், விற்கவும் செய்யலாம்.

சித்தூர் நாகையாவுக்கும் இது பொருந்தும். சித்தூர் நாடக மேடை வழங்கிய அந்தப் பெயரோடு தெலுங்கிலும் தமிழிலும் நடித்துப் பாடிய அவர் 1946இல் எடுத்த தியாகய்யா படத்தில் தியாகராஜ கிருதிகளைப் பாடினார். கிருதிகள் பொதுச் சொத்து. பதிவும் 60 ஆண்டைக் கடந்துவிட்டது. ஆனால் பழைய பதிவு என்றாலே எல்லாம் விடுதலை பெற்றுவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் ஆசிரியர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை தொடர்கிறது. அன்னமாச்சாரியாரின் கீர்த்தனைகளில் இந்தச் சிக்கல் நன்றாகத் தெரிகிறது. 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் எனக் கூறப்படும் அவருடைய பாடல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செப்பேடுகளில் திருமலைக் கோயிலின் ஓர் அறைக்குள் பல நூற்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் அவை வெளிவந்து அச்சேறின. சொற்கள் பொதுச் சொத்து. பழைய மெட்டுகளோ பெரும்பாலும் மறைந்துவிட்டன. பலவற்றுக்கு மெட்டமைத்த ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மா 1979இல் மறைந்தார். ஆகவே அவருடைய மெட்டுகளின் உரிமைக்காலம் 2039 முடிய நீளும். எண்ணற்ற கீர்த்தனைகளுக்கு மெட்டமைத்த கரிமெள்ள பாலகிருஷ்ண பிரசாத் 2025இல்தான் மறைந்தார். ஒரே பாட்டில் சொல் மக்களுடையது, மெட்டு ஒருவருடையது, ஒலிப்பதிவு இன்னொருவருடையது. பக்தர்களின் காணிக்கையிலிருந்து தேவஸ்தானம் செலவிட்டு எடுத்த பதிவுகளையாவது எல்லோரும் தடையின்றிப் படியெடுக்கும்படி திறந்துவிட வேண்டும் என்ற கோரிக்கையை இரு மாவட்ட முற்போக்குக் கலைஞர்களும் எழுப்பலாம். செப்பேட்டறைக்கு அடுத்தபடியாக ஓர் உரிம அறை தேவையில்லை.

பதிப்புரிமையே முதலாளித்துவச் சூழ்ச்சி, ஆகவே அதை மதிக்க வேண்டியதில்லை என்று இளம் தோழர்கள் சிலர் வாதிடுவதுண்டு. அது பாதி உண்மை. மறுபாதி கலைஞரின் கூலி பற்றியது. 1977இல் இந்திய நிகழ்த்துரிமைச் சங்கத்துக்கும் கிழக்கிந்தியத் திரைப்பட அமைப்புக்கும் இடையிலான வழக்கில், படத்துக்காகப் பணம் கொடுத்து எழுதவும் மெட்டமைக்கவும் வைத்த தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்போடு உடன்பட்ட நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனிக் குறிப்பு ஒன்றை இணைத்தார். 1957இல் இ.எம்.எஸ். அமைச்சரவையில் அமைச்சராக இருந்தவர் அவர். தாளில் எழுதப்பட்ட மெட்டுக்கு உரிமை தரும் சட்டம், கேட்பவரை உருக்கும் குரலுக்கு ஒன்றும் தரவில்லையே என்று அதில் வருந்தினார். நாடாளுமன்றம் இதைத் திருத்த வேண்டும் என்றார். பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் நிகழ்த்துநர் உரிமை 1994இல்தான் சட்டமாயிற்று. திரைப்பாடலின் கவிஞரும் இசையமைப்பாளரும் ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை எழுதிக் கொடுக்கவே முடியாது என்ற விதி 2012இல் வந்தது. திரையரங்குக்கு வெளியே பாட்டு எங்கே ஒலித்தாலும் அந்தப் பங்கு உண்டு. ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் இதற்காக வாதாடினார். இந்த உரிமைகளைத் தொழிலாளர் உரிமைகளாகவே பார்க்க வேண்டும். நிறுவனத்தின் வாடகையை எதிர்ப்பது வேறு, பாடகரின் கூலியைப் பறிப்பது வேறு.

இசையைத் தனிச் சொத்தாக வைத்திருப்பதை எதிர்த்து மக்கள் வென்ற வரலாறு தமிழில் இருக்கிறது. பாரதியின் பாடல்களை இசைத்தட்டிலும் திரையிலும் பயன்படுத்தும் உரிமை ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் பாரதி பாட்டைப் பயன்படுத்தியபோது தகராறு எழுந்தது. எழுத்தாளர்கள் திரண்டார்கள், பொதுவுடைமை இயக்கத்தில் பாரதியை மேடைதோறும் முழங்கியவர் ஜீவா. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றுக்கொண்டது. பின்னர் அது மக்களுக்கே பொதுவாக்கப்பட்டது. அப்போது சித்தூர் மாவட்டமும் சென்னை மாகாணத்துக்குள்தான் இருந்தது. ஒரு கவிஞரின் எழுத்துக்கு அரசு இவ்வாறு விடுதலை தர முடியுமானால், ஆகாசவாணியின் பெட்டகங்களில் உறங்கும் இசைக்கும் தர முடியும். மக்கள் வரிப்பணத்தில் எடுத்த அந்தப் பதிவுகளை விற்பனைப் பண்டமாக்குவதற்கு மாறாகப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது நியாயமான அரசியல் கோரிக்கை.

இனி ஆபத்தான பகுதிக்கு வர வேண்டும். சொந்தப் பயன் என்ற வேலிக்கு வெளியே ஓரடி வைத்தாலும் சட்டம் கடுமையாகிறது. இணைய வானொலியிலிருந்து எடுத்த பாட்டை மெமரி கார்டில் ஏற்றிப் பணம் வாங்கும் செல்போன் கடைக்கு 39ஆம் பிரிவு உதவாது. பெரிய வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றுக்கு விடுவதும் சொந்தப் பயன் என்று சொல்லிக்கொள்ள முடியாதது. 63ஆம் பிரிவின்படி, அறிந்தே உரிமையை மீறுபவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 2022 மே மாதத்தில் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம், இது பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றம் என்று தீர்ப்பளித்தது. ஊசியும் நூலும் பின்னும் கருவி விற்கும் நிறுவனத்தின் வழக்கு அது. அடி விழுவது பேருந்து நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருக்கும் இளைஞர் மேல். எல்லையைத் தாண்டித் திருத்தணிப் பக்கம் போய்க் கடை வைத்தால் நிலைமை இன்னும் மோசம். தமிழ்நாட்டின் குண்டர் சட்டத்தில் 2004இல் வீடியோ திருடர் என்ற வகை சேர்க்கப்பட்டது. விசாரணையின்றி ஓராண்டு வரை தடுப்புக் காவலில் வைக்க அது வழி செய்கிறது. பாட்டு ஏற்றித் தருபவரைச் சாராயக் கும்பலோடு ஒரே பட்டியலில் வைக்கும் சட்டத்தை ஜனநாயக இயக்கம் எதிர்க்க வேண்டும். அதற்காக அந்தத் தொழிலில் ஆபத்து இல்லை என்று இளைஞர்களிடம் பொய் சொல்லக் கூடாது.

கலைக்குழுக்களுக்கு இருக்கும் இடத்தையும் அறிந்திருக்க வேண்டும். தொழில்முறை அல்லாத குழு, கட்டணம் வாங்காத பார்வையாளர் முன் பாட்டுப் பாடுவதையும் நாடகம் போடுவதையும் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. மே தினக் கூட்டத்தில் பிறர் எழுதிய பாட்டைத் தோழர்கள் தாமே பாடினால் சிக்கலில்லை. பட்டுக்கோட்டையின் பாடல்கள் நாட்டுடைமையே. லாபம் கருதாத மன்றம் தன் நடவடிக்கையின் பகுதியாக ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வதற்கும், திருமண ஊர்வலத்துக்கும் விலக்கு உண்டு. ஆனால் தெருமுனைக் கூட்டத்தின் வீடியோவுக்குப் பின்னணியாக அண்மைக்காலத் திரைப்பாடலைச் சேர்த்து வலையேற்றினால் எந்த விலக்கும் கைகொடுக்காது.

கடைக்குப் போலீஸ் வந்தால் என்ன செய்வது என்பதையும் தோழர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 64ஆம் பிரிவின்படி சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத அதிகாரியே பிடியாணையின்றிப் பொருட்களைக் கைப்பற்றலாம். கைப்பற்றியதைக் குற்றவியல் நடுவர் முன் ஒப்படைக்க வேண்டும். எதை எடுத்தார் என்பதற்குப் பட்டியல் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் படிகளில் தமக்கு உரிமை உண்டு என்று கருதுபவர் 15 நாளுக்குள் நடுவரிடம் மனுச் செய்து திரும்பக் கேட்கலாம். வணிக லாபத்துக்காகச் செய்யப்படவில்லை என்றால், தீர்ப்பில் காரணங்களைக் குறிப்பிட்டு ஆறு மாதத்துக்குக் குறைந்த தண்டனை விதிக்க 63ஆம் பிரிவே நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. வழக்கறிஞர் தோழர்கள் முதல் நாளிலேயே இதை எடுத்துச் சொல்ல வேண்டும். தொழிலாளியின் சொந்தப் போனைப் பறித்து அதிலுள்ள பாட்டைக் காட்டி மிரட்டினால், 39, 52 என்ற இரண்டு எண்களையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.